சண்டி மாடா, சண்டிக் கையா?

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

இன்று நான் உரத்தைப் பற்றியோ, பூச்சி மருந்தைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் தொழுவத்தில் நிற்கிற எருதுகளின் நடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "மாட்டு நடையைப் பத்திப் பேச என்னங்க இருக்குது? நாங்க பொறந்ததிலேர்ந்து மாடு ஓட்டறவங்க" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பி.எஸ்சி. படித்து, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் வேலைக்கு வந்தேன். அந்த நினைப்பினால் ஒரு நல்ல எருதுக்கும், அதை வைத்திருந்த குடும்பத்துக்கும் கெடுதல் செய்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பதினான்கு வருஷங்களுக்கு முன் நடந்தது இது. கெலமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெரியவருக்கு மூன்று ஏக்கர் நிலம். ராகியும் அவரையும் மானாவாரி. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் தக்காளி. கடன் வாங்கி ஒரு ஜோடி ஹள்ளிகார் எருதுகள் பிடித்திருந்தார். வலத்து மாடு நன்றாக உழைத்தது. இடத்து மாடுதான் தகராறு. ஏரில் பூட்டினால் நாலு சால் போகும். பிறகு தலையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடும். தார்க்குச்சியால் குத்தினால் பக்கவாட்டில் ஒதுங்கும். இன்னும் குத்தினால் படுத்துவிடும்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வரப்பில் நின்று பத்து நிமிஷம் பார்த்தேன். "அண்ணே, இது சண்டி மாடு. வீணா தீனி போடாதீங்க. சந்தையிலே தள்ளிட்டு வேற பிடிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படித்தவர் சொன்னாரே என்று அவரும் போச்சம்பள்ளி சந்தைக்கு ஓட்டிப் போனார். சண்டி என்று தெரிந்த மாட்டுக்கு என்ன விலை கிடைக்கும்? வாங்கினதில் பாதிகூட வரவில்லை. மாடு போயிற்று, கடன் நின்றது.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். ஒரு சொந்த வேலையாக எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்து ஆனேக்கல் போகும் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ராகித் தாள் ஏற்றின வண்டி ஒன்று வந்தது. இடப்பக்கத்து எருதைப் பார்த்தேன். நெற்றியில் சுழி, இடது கொம்பின் நுனி கொஞ்சம் உடைந்திருந்தது. அதே மாடு! கழுத்தைத் தாழ்த்தி, காதை ஆட்டிக்கொண்டு, ஒரே சீராகக் காலெடுத்து வைத்து வந்தது. வண்டிக்காரர் கையில் தார்க்குச்சி கிடையாது. கயிறு தொய்வாக இருந்தது.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். அவர் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "வாங்கறப்போ சண்டின்னுதான் சார் கொடுத்தாங்க. நான் ஒண்ணும் பண்ணலே. அது நிக்கிறப்போ சத்தம் கொடுத்தேன். அது நடக்கிறப்போ நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான்."

நடக்கிறபோது சும்மா இருந்தேன்! நான் இன்று சொல்லப்போகிற விஷயம் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. அதே மாடு, அதே கால். மாறினது ஓட்டுகிற கை மட்டும்.

இது மாட்டுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. நம் ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1,600 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அரசாங்கக் கால்நடைப் பண்ணையை நீங்கள் அறிவீர்கள். அது 1824-ஆம் ஆண்டில், வெள்ளைக்காரர் காலத்தில், ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்ட பண்ணை. குதிரைச் சவாரி கற்றுக் கொடுக்கிறவர்கள் முதலில் யாருக்குப் பயிற்சி தருவார்கள் தெரியுமா? குதிரைக்கு அல்ல, ஆளுக்கு! பழகின கிழட்டுக் குதிரை ஒன்றின்மேல் புது ஆளை ஏற்றி, கால் வைக்கிற அங்கவடியையும் எடுத்துவிட்டு, முதுகில் ஆடாமல் அசையாமல் உட்காரப் பழக்குவார்கள். உட்காரத் தெரிந்த பிறகுதான் கடிவாளத்தைக் கையில் கொடுப்பார்கள்.

காரணம் என்ன? முதுகின்மேல் ஆள் தொப்புத் தொப்பென்று விழுந்து எழுந்தால் குதிரைக்கு வலிக்கும். வலிக்கு அஞ்சி முதுகைப் பள்ளமாக்கிக்கொள்ளும். முதுகு பள்ளமானால் தலை மேலே போகும், பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வராமல் பின்தங்கும், எட்டு குறுகும். ஆள் கீழே விழாமல் இருக்கக் கடிவாளத்தையே பிடித்துத் தொங்கினால் வாயும் புண்ணாகும். அதே குதிரையின்மேல் சமமாக உட்கார்ந்து, கையை மெத்தென்று வைத்துக்கொள்கிறவர் ஏறட்டும். கொஞ்ச நாளில் குதிரை கழுத்தை நீட்டும், முதுகைத் தளர்த்தும், பின்னங்காலை நன்றாக உள்ளே எடுத்து வைக்கும். சுமார் 2,350 வருஷங்களுக்கு முன்பே செனபோன் என்ற கிரேக்கத் தளபதி குதிரைச் சவாரி பற்றி ஒரு நூல் எழுதினார். அடித்து மிரட்டாமல், மென்மையான கையால் பழக்கவேண்டும் என்பதுதான் அவர் கட்சியும்.

இப்போது நம் எருதுக்கு வருவோம். நாம் எருதின் முதுகில் ஏறுவதில்லை. ஆனால் நம் பாரம் நுகத்தடி வழியாக அதன் கழுத்தில் இறங்குகிறது. நம் கை மூக்கணாங்கயிறு வழியாக அதன் மூக்கில் இறங்குகிறது. எருது வண்டியை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது பின்னங்காலால் பூமியை உதைத்து, கழுத்தால் நுகத்தைத் தள்ளுகிறது. தள்ள வேண்டுமானால் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, முதுகை விறைப்பில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றை இழுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்தால் அதன் பலத்தில் பாதியை நாமே பிடித்து வைத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலான சண்டி மாடுகள் எப்படி உண்டாகின்றன என்று கேளுங்கள். மாடு கொஞ்சம் மெதுவாகப் போகிறது. ஓட்டுகிறவர் தார்க்குச்சியால் குத்துகிறார். மாடு துள்ளிப் பாய்கிறது. உடனே "ஏய்" என்று மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிறார். போனால் மூக்கு வலிக்கிறது, நின்றால் தொடை வலிக்கிறது. அந்த வாயில்லா ஜீவன் என்னதான் செய்யும்? கொஞ்ச நாள் பக்கவாட்டில் ஒதுங்கிப் பார்க்கும். அதற்கும் அடி. கடைசியில் படுத்துவிடும். ஒரே சமயத்தில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மிதித்தால் லாரி என்ன ஆகும் என்று சிப்காட்டுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் உங்கள் பையனைக் கேளுங்கள். எஞ்சின் கெட்டது என்று சொல்லமாட்டான். டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றுதான் சொல்வான்.

ஆகவே, நடை கெட்ட மாட்டைச் சந்தைக்கு ஓட்டும் முன் நான் சொல்கிற வரிசையில் சோதனை செய்து பாருங்கள்.

முதல் சோதனை, வெறும் நடை. மாட்டை ஏரிலும் வண்டியிலும் பூட்டாமல், தலைக்கயிற்றோடு சமதரையில் நடத்துங்கள். வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். கொஞ்சம் ஈரமான மண்ணாக இருந்தால் குளம்புத் தடம் நன்றாகத் தெரியும். சுகமாக நடக்கிற மாட்டின் பின்னங்குளம்பு, அதே பக்கத்து முன்னங்குளம்பு பதிந்த தடத்தின்மேலோ, அதை ஒட்டியோ விழும். பின்னங்குளம்பு நன்றாகப் பின்தங்கி விழுந்தாலும், முதுகு வில்போல் வளைந்தாலும், ஒரு முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தலை மேலே தூக்கிப் போனாலும், அது நோவின் அடையாளம். லாடம் தளர்ந்திருக்கலாம், குளம்பில் கல்லோ ஆணியோ ஏறியிருக்கலாம், மூட்டில் வீக்கம் இருக்கலாம். நான் கால்நடை மருத்துவன் அல்ல. அதற்குக் கால்நடை மருந்தகம் இருக்கிறது. மாட்டை நகர்த்த முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நோயுள்ள மாட்டை அடித்து நடை திருத்த முடியாது.

வெறும் நடை நன்றாக இருந்து, பூட்டினால் மட்டும் கெடுகிறதா? அப்படியானால் குற்றம் மாட்டில் இல்லை. நுகத்தில் இருக்கிறது, பாரத்தில் இருக்கிறது, அல்லது நம் கையில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை, நுகத்தடி. வேலை முடிந்து அவிழ்த்தவுடன் கழுத்தில் நுகம் படுகிற இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சூடு, வீக்கம், ரோமம் தேய்ந்த இடம், தொட்டால் மாடு தோலைச் சிலிர்ப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் நுகம் உறுத்துகிறது என்று அர்த்தம். நுகத்தடியின் அடிப்பக்கத்தையும் தடவுங்கள். முடிச்சு, பிளவு, கூர்விளிம்பு இருந்தால் இழைத்து வழவழப்பாக்குங்கள். கழுத்தில் படுகிற இடம் அகலமாக இருந்தால் பாரம் பரவலாக இறங்கும்; குறுகலாக இருந்தால் ஒரே இடத்தில் வெட்டும். பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கக் கூடாது. உள்ளே கை நுழைய வேண்டும். ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்றால் நுகம் சாய்ந்து, ஒரு மாட்டின் கழுத்தில்தான் முழுப் பாரமும் விழும். புண் இருந்தால் ஆறும் வரை பூட்டவே கூடாது. புண்ணின்மேல் துணி சுற்றிப் பூட்டுகிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அது மருந்தல்ல, மறைப்பு.

மூன்றாவது சோதனை, முன்பாரம், பின்பாரம். இது வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான், ஆனால் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். பாரம் ஏற்றியபின், மாட்டைப் பூட்டும் முன், நுகத்தடியைக் கையால் தூக்கிப் பாருங்கள். இலேசான கனம் தெரிய வேண்டும். தூக்கவே முடியாவிட்டால் முன்பாரம். அது கழுத்தை அமுக்கும். தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு தொண்டையைப் பிடிக்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் மேடும் பள்ளமுமான பாதை. மேடு ஏறும்போது பாரம் பின்னால் சாயும், இறங்கும்போது முன்னால் தள்ளும். அதை முன்கூட்டி யோசித்துப் பாரத்தைக் கட்டுங்கள். வண்டி ஓட்டுகிறவரும் ஒரு பாரம்தான். ஏர்க்காலின் மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருகிறவர் தன் எடை முழுவதையும் இரண்டு கழுத்தின்மேல் வைத்துவிடுகிறார். குதிரையின் முதுகில் ஆடுகிற சவாரிக்காரருக்கும் இவருக்கும் வித்தியாசம் இல்லை.

ஏர் உழுகிறவர்களுக்கும் இதே விதிதான். மேழியில் பாதி உடம்பைச் சாய்த்து உழுதால் கொழு ஆழமாக இறங்கி மாட்டைப் பிடித்து நிறுத்தும். மாடு நின்றதும் குத்துவோம். கொழுவை இறக்கியது யார்? நாம்தான். மேழியை இலேசாகப் பிடித்து, நிமிர்ந்து, மாட்டின் நடைக்கு நடை சேர்த்துப் போனால் சால் நேராக விழும், மாடும் தளராது. ஒரு எருது நாள் முழுவதும் தொடர்ந்து தரக்கூடிய இழுப்பு அதன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதற்குமேல் கொஞ்ச நேரம் தம் பிடித்து இழுக்கும். நாள் பூராவும் இழுக்காது.

நான்காவது, கை. இதுதான் முக்கியம். மூக்குத் தண்டு மிக மென்மையான இடம். மூக்கணாங்கயிற்றைக் கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும். பறக்கவும் கூடாது, நசுங்கவும் கூடாது. மாட்டுக்குச் சொல்லவேண்டியதை மூன்று படியாகச் சொல்லுங்கள். முதலில் குரல். இரண்டு மூன்று எட்டு வைக்கிற நேரம் காத்திருங்கள். கேட்கவில்லையா, இரண்டாவது படி: கயிற்றால் இலேசாகத் தட்டுங்கள், அல்லது மழுங்கின கோலால் பின்பக்கத்தைத் தொடுங்கள். அதற்கும் கேட்காவிட்டால், மூன்றாவது படியாகக் கொஞ்சம் அழுத்தித் தொடுங்கள். எந்தப் படியில் மாடு கேட்டதோ, அந்த நொடியே கையை விட்டுவிடுங்கள், வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

இந்த விட்டுவிடுவதில்தான் பாடம் இருக்கிறது. தொந்தரவு எந்த நொடியில் நிற்கிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததே சரி என்று மாடு கற்றுக்கொள்கிறது. நடக்க ஆரம்பித்ததும் விட்டால் நடக்கக் கற்கும். நடந்த பிறகும் குத்திக்கொண்டே இருந்து, படுத்ததும் விட்டால் என்ன கற்கும்? படுக்கக் கற்கும்! கெலமங்கலத்து எருது அப்படித்தான் படித்தது. ஆனேக்கல் வண்டிக்காரர் அந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்க வைத்தார். பள்ளிக்கூடம் போகாமலே அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். நிறுத்தச் சொல்லும்போது நிறுத்த மட்டும் சொல்லுங்கள். போகச் சொல்லும்போது போக மட்டும் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சைகைதான். அப்பன் ஒரு சத்தமும் மகன் ஒரு சத்தமும் கொடுத்தால் மாடு குழம்பும். வீட்டில் எத்தனை பேர் ஓட்டினாலும் போக, நிற்க, வலம் திரும்ப, இடம் திரும்ப ஒரே மாதிரி சத்தத்தைப் பழக்குங்கள். ஓசூர் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். மாட்டுக்கு எந்தப் பாஷையும் சம்மதம். தினத்துக்கு ஒரு பாஷைதான் ஆகாது.

திருப்பும்போது கவனம் வேண்டும். உள்பக்கத்து மாடு சின்ன எட்டு வைக்கும், வெளிப்பக்கத்து மாடு பெரிய எட்டு வைக்கும். உள்மாட்டின் மூக்கை வெட்டி இழுக்காமல், அதைக் குரலால் மெதுவாக்கி, வெளிமாட்டை முன்னே கூப்பிடுங்கள். நடையும் உடையாது, கழுத்தும் திருகாது.

கிருஷ்ணகிரி, ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. லாரி ஹாரன் அடித்ததும் பயந்துபோய் மூக்கணாங்கயிற்றைச் சுண்டி இழுக்கிறோம். இரண்டு தடவை அப்படிச் செய்தால் போதும், ஹாரன் கேட்டால் மூக்கு வலிக்கும் என்று மாடு முடிவு கட்டிவிடும். பிறகு ஹாரன் கேட்ட மாத்திரத்தில் மிரளும். அந்தச் சமயத்தில் கயிற்றை இறுக்காமல், பழகின குரலில் பேசிக்கொண்டே இடது ஓரமாகப் போங்கள். வண்டியின் பின்னால் வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்புத் தகடு அடித்துவிடுங்கள். முடிந்தவரை இருட்டில் பெருஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

இளம் காளைகளைப் பழக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டரை, மூன்று வயதில் பழக்க ஆரம்பிக்கலாம். முதல் வாரம் நுகமே வேண்டாம். கையோடு நடக்கவும், குரலுக்கு நிற்கவும் கற்கட்டும். அடுத்து, பழகின எருதோடு ஜோடி சேர்த்து வெறும் நுகத்தோடு நடத்துங்கள். அப்புறம் சின்னக் கட்டையை இழுக்க விடுங்கள். ஒரு தடவைக்குக் கால் மணி, இருபது நிமிஷம் போதும். நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே அவிழ்த்துவிடுங்கள். சலித்துப் படுக்கும் வரை இழுக்காதீர்கள். முழு வேலைக்கு நாலு வயதுவரை பொறுங்கள். அவசரப்பட்டுக் கெடுத்த காளையைத் திருத்த, பழக்குவதைப் போல் மும்மடங்கு காலம் ஆகும்.

சட்டமும் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பாரம் இழுக்கும் மிருகங்களை வதைக்காமல் தடுக்க 1965-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் விதிகள் செய்தது. அதன்படி ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த கோலும், முள் வைத்த நுகமும் கூடாது. அதாவது தார்க்குச்சி முனையில் ஆணி அடிப்பது பாவம் மட்டும் அல்ல, குற்றமும்கூட.

பாரத்துக்கும் அளவு உண்டு. 200 கிலோவிலிருந்து 350 கிலோ வரை எடையுள்ள எருது நடுத்தர எருது. அப்படிப்பட்ட எருது பூட்டிய இரண்டு சக்கர வண்டி, டயர் வண்டியானால் 1,050 கிலோ. டயர் இல்லாத வண்டியானால் 700 கிலோ. அதற்குக் குறைந்த எடையுள்ள சிறிய எருதுக்கு 750 கிலோ, 500 கிலோ. நீண்ட செங்குத்தான மேட்டுப் பாதையானால் இதில் பாதிதான்.

"மாட்டை எந்தத் தராசிலே நிறுத்தறது?" என்று கேட்பீர்கள். தராசு வேண்டாம், தையற்காரர் டேப்பு போதும். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் ஏறக்குறைய வந்துவிடும். உதாரணமாக, சுற்றளவு 60 அங்குலம், நீளம் 52 அங்குலம். 60-ஐ 60-ஆல் பெருக்க 3,600. அதை 52-ஆல் பெருக்க 1,87,200. 660-ஆல் வகுத்தால் 284 கிலோ. நடுத்தர எருது.

"இந்தக் காலத்திலே எவன் சார் மாடு வெச்சிருக்கான்? டிராக்டர்தான்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். வாடகை டிராக்டர் இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டு நிலத்தில், வரப்போரத்தில், பயிர் வரிசைக்கு நடுவே ஊடு உழவு செய்ய எருது போகிற இடத்துக்கு டிராக்டர் போகாது. ஜோடி வைத்திருக்கிறவருக்கு அது இன்றும் ஒரு சொத்து. அந்தச் சொத்து பாதி விலைக்குப் போவதும் முழு விலைக்கு நிற்பதும் அதன் நடையில் இருக்கிறது. சந்தையில் நாலு எட்டு நடத்திப் பார்த்துத்தானே விலை சொல்கிறார்கள்! சண்டி என்று பேர் வாங்கின மாட்டை உழவர் வாங்கமாட்டார். யார் வாங்குவார்கள், எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக அந்தப் பெரியவர் கதையை முடித்துவிடுகிறேன். ஆனேக்கல் பாதையில் நான் பார்த்ததை அவரிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மனசு கேட்கவில்லை. நேரே போய், "அண்ணே, தப்பு என்னுடையது. உங்க மாடு நல்லா இழுக்குது" என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ மாடு சண்டி இல்லே சார். குத்தினது நான், சொன்னது நீங்க. நாம ரெண்டு பேருந்தான் சண்டி" என்றார்.

அடுத்த வருஷம் ஒரு இளம் காளையைப் பிடித்து வந்து வலத்து மாட்டோடு சேர்த்தார். இரண்டு பேருமாகத்தான் அதைப் பழக்கினோம். வாரம் ஒரு நாள் சைக்கிளில் போவேன். தார்க்குச்சியின் ஆணியை அவரே பிடுங்கி எறிந்துவிட்டார். நுகத்தை இழைத்தோம். குரல் கொடுப்பது, காத்திருப்பது, நடந்ததும் சும்மா இருப்பது. இதில் அவருக்குக் கஷ்டமாக இருந்தது கடைசி ஒன்றுதான். "வாய் சும்மா இருக்கமாட்டேங்குது சார்" என்பார். மூன்று மாதத்தில் அந்தக் காளை ராகிக் கொல்லையில் நேராகச் சால் விட்டது. ஆனாலும் விற்றுப்போன மாட்டின் நஷ்டம் நஷ்டந்தான். அதை நான் ஈடு செய்ய முடியவில்லை. உங்களுக்கு இதைச் சொல்வதுதான் என்னால் ஆனது.

ஆகவே, விவசாயப் பெருமக்களே, நாளைக் காலையில் ஏர் பூட்டும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். மாட்டை வெறுமனே நாற்பது அடி நடத்தி அதன் நடையைப் பாருங்கள். கழுத்தையும் நுகத்தின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். கோல் முனையில் ஆணி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் குரல் கொடுங்கள். மாடு நடந்ததா? நீங்கள் சும்மா இருங்கள்.